செவிக்கு எட்டிய தமிழ்: பார்வையற்ற மாணவரின் மடிக்கணினி வந்த வழி

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், போடிநாயக்கனூருக்கும் கம்பத்துக்கும் இடையில், உத்தமபாளையம் வட்டத்தில் அமைந்த பேரூராட்சி தேவாரம். மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்பில் வேலைக்குச் சென்று திரும்பும் குடும்பங்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில், பார்வையற்ற ஒரு பிள்ளை படிப்பதென்றால், ஊரை விட்டுச் சென்று மதுரையிலோ பாளையங்கோட்டையிலோ பள்ளி விடுதியில் தங்குவது என்பதே நெடுங்காலமாக அதன் பொருளாக இருந்தது. அந்தப் பிள்ளை இன்று மேல்நிலைப் படிப்பை முடித்து, உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியிலோ போடியின் ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியிலோ சேரும்போது, எந்த மடிக்கணினியை வாங்குவது என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர்; திரைநவிலி என்றும் சொல்வதுண்டு. அந்த மென்பொருளை நம்பிப் படிப்பவருக்கு மடிக்கணினியின் திரையே அதன் முக்கியமற்ற உறுப்பு. இந்த நிலைக்கு வந்து சேர்ந்த வரலாற்றைப் பார்த்தால், அது கணினிப் பெட்டிகளின் வரலாறாக இருப்பதைவிட, தமிழ் எழுத்து எந்த வரிசையில் பதிவு செய்யப்பட்டது என்பதன் வரலாறாகவே பெரிதும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பார்வையற்றோர் கல்வியின் தொடக்கமாகப் பாளையங்கோட்டையில் 1890ஆம் ஆண்டு ஆஸ்க்வித் அம்மையார் நிறுவிய பள்ளி குறிப்பிடப்படுகிறது. பிரெஞ்சு நாட்டில் லூயி பிரெய்ல் 1824ஆம் ஆண்டளவில், தம் பதினைந்தாவது வயதில் வகுத்த ஆறு புள்ளி எழுத்து முறையைத் தமிழுக்குப் பொருத்தியவர்களில் அவரும் ஒருவர். ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி அமைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். அவற்றுள் எதை எந்த எழுத்துக்கு வைப்பது என்பதை இந்தியாவில் ஒவ்வொரு மொழியாரும் ஒவ்வொரு பாதிரியாரும் தம் விருப்பப்படி முடிவு செய்ததால், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை ஒன்றோடொன்று பொருந்தாத பல முறைகள் வழங்கின. யுனெஸ்கோவின் முயற்சியை ஒட்டி 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் இந்தக் குழப்பத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. இந்திய மொழிகள் அனைத்திலும் ஒரே ஒலிக்கு ஒரே புள்ளி வடிவம் என்பது அதன் அடிப்படை. தமிழின் அகரமும் ஆங்கிலத்தின் முதல் எழுத்தும்கூட ஒரே புள்ளியால் குறிக்கப்படுகின்றன.

பாரதி பிரெய்லில் கவனிக்க வேண்டிய இன்னொரு தன்மை உண்டு. அச்சில் ‘கெ’ என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது; ‘கொ’ என்று எழுதும்போது கொம்பு முன்னாலும் கால் பின்னாலுமாக ஓர் உயிரொலி இரண்டாகப் பிளந்து நிற்கிறது. பிரெய்லிலோ மெய்யை முதலில் குத்தி, உயிரை அதன் பின்னே குத்தினால் போதும்: ககரம், அடுத்து ஒகரம். மெய்யெழுத்தின் புள்ளிக்குறி மட்டும் எழுத்துக்கு முன்னால் இடப்படும். அந்த ஒரு விலக்கை ஒதுக்கிவிட்டால், உயிர்மெய்யின் வரிசை வாய் ஒலிக்கும் வரிசையே. கண்ணுக்காக வளர்ந்த வரிவடிவத்தின் முன்பின் முறையை விட்டுவிட்டு ஒலியின் முறையைப் பின்பற்றிய இந்த ஏற்பாடு, ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கணினியில் தமிழ் பட்ட பாட்டைப் புரிந்துகொள்ளத் துணை செய்கிறது.

பிரெய்ல் எழுத்தறிவைத் தந்ததே தவிர, கல்லூரிப் படிப்புக்கு வேண்டிய நூல்களைத் தரவில்லை. தடித்த தாளில் புள்ளிகள் மேலெழும்பி நிற்பதால் ஒரு பாடநூல் பல பாகங்களாகப் பெருகும். அச்சிடும் செலவும் வைக்கும் இடமும் மிகுதி. சிலேட்டில் தாளைச் செருகி எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்தி, பிறகு தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்கும் முறையில் வகுப்புக் குறிப்பெடுப்பது கடினம். 1951இல் அமெரிக்காவில் உற்பத்தி தொடங்கிய பெர்கின்ஸ் பிரெய்லர் என்னும் ஆறு விசைத் தட்டச்சுப்பொறி அந்த வேலையை விரைவாக்கியது; பிற்காலத்தில் காட்பாடியின் வொர்த் டிரஸ்ட் அதை இங்கேயே தயாரித்துத் தந்தது. ஆயினும் கல்லூரிக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் பிறர் குரலையே நம்பியிருந்தனர். நண்பரோ தன்னார்வலரோ வாசிக்க, அதை ஒலிநாடாவில் பதிந்துவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பதும், தேர்வில் தாம் சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுதுவதுமாகப் படிப்பு நடந்தது. தாமே பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் மதுரையில் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம், பார்வையற்றவரே நிறுவனத்தை நடத்தும் நிலையைத் தென்மாவட்டங்களில் கண்முன் காட்டியது. ஆனால் எதை, எப்போது, எத்தனை முறை படிப்பது என்பதை அக்காலத்து மாணவர் தாமே தீர்மானிக்க முடியவில்லை. வாசிப்பவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரமே அவருடைய படிக்கும் நேரம்.

அந்த நிலையை மாற்றக்கூடிய கருவி அதே காலத்தில் வெளிநாட்டில் உருவாகிக்கொண்டிருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1986இல் ‘ஸ்கிரீன் ரீடர்’ என்ற பெயரிலேயே ஒரு மென்பொருளை வெளியிட்டது. விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டர் 1987இல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் 1989இல் ஜாஸ் என்னும் திரைவாசிப்பானையும், 1995இல் அதன் விண்டோஸ் வடிவத்தையும் கொண்டுவந்தது. இந்தியக் கல்லூரிகளின் பார்வையற்றோர் கணினிக் கூடங்களில் நெடுங்காலம் ஆட்சி செய்தது ஜாஸ்தான். அதன் விலை ஆயிரம் அமெரிக்க டாலரை ஒட்டி இருந்ததால், தனி மாணவர் வாங்குவது நடவாத காரியம். உரிமம் இல்லாமல் இயக்கினால் நாற்பது நிமிடத்துக்குப் பிறகு ஓய்ந்துவிடும். கணினியை மறுபடி தொடங்கினால்தான் இன்னொரு நாற்பது நிமிடம் கிடைக்கும். போதாக்குறைக்கு, அன்றைய ஜாஸோடு வந்த குரல்களில் தமிழ் இல்லை. ஆங்கிலம் படிப்பவருக்குக் கணினி பேசியது. தமிழ் இலக்கியமோ வரலாறோ தமிழில் படிக்க விரும்பியவருக்கு அது ஊமையாகவே இருந்தது.

குரல் இல்லாதது ஒரு குறை என்றால், எழுத்து எழுத்தாகவே இல்லாதது அதைவிடப் பெரிய குறை. 1980களிலும் 1990களிலும் தமிழ்க் கணினியாளர்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வரிவடிவங்களை வைத்து எழுத்துருக்களை அமைத்தனர். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு செமிகோலனும் மட்டுமே. திரைவாசிப்பானுக்கு வரிவடிவம் தெரியாது. உள்ளே பதிந்திருக்கும் குறியீட்டைத்தான் அது படிக்கும். ஆகவே பார்வையுள்ளவர் தமிழ் படிக்கும் அதே பக்கத்தில் பார்வையற்றவருக்குக் கிடைத்தது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். கொம்பை முதலில் பதிந்து எழுத்தைப் பின்னால் பதிவதும் இந்த எழுத்துருக்களின் வழக்கம். தமிழ் அறிஞர்கள் இணைந்து வகுத்த டிஸ்கி குறியீடும் இவ்வகையில் கண்ணின் வரிசையையே பின்பற்றியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்குமாகப் பிரிக்கப்பட்ட அந்த விசைப்பலகை, விரலின் நினைவை நம்பித் தட்டச்சு செய்பவருக்கு மிகவும் ஏற்றது என்பதை அதை வகுத்தவர்கள் எண்ணினார்களோ இல்லையோ, பயனில் அது உண்மையாயிற்று.

உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்த எண் வழங்கும் ஒருங்குறி முறையில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000 வெளிவந்த பிறகே அது வீட்டுக் கணினிகளுக்கு வரத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு அதைத் தன் அலுவல்களுக்குரிய தரமாக ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில். ஒருங்குறியில் ‘கெ’ என்பது ககரம், அதன் பின் எகரக்குறி; ‘கொ’ என்பது ககரம், அதன் பின் ஒகரக்குறி. 1951இல் பாரதி பிரெய்ல் பிடித்த ஒலி வரிசைக்குக் கணினித் தமிழ் அரை நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்தது. ஒருங்குறியைத் தமிழர் பலர் எழுத்தெண்ணிக்கை, இடவொதுக்கீடு ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிட்டு விவாதித்தனர். காதால் படிப்பவருக்கு அது வாசலைத் திறந்துவிட்ட நிகழ்ச்சி என்பது அந்த விவாதங்களில் போதிய அளவு எடையிடப்படவில்லை.

வாசல் திறந்த காலத்திலேயே குரலும் இலவசமாயிற்று. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, அவரைப் போலவே பார்வையற்றவரான ஜேம்ஸ் தே இணைந்து வளர்த்த என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை எவரும் விலையின்றிப் பெறலாம். பென்டிரைவில் போட்டுக்கொண்டு கல்லூரிக் கணினியிலும் கணினி மையத்திலும் செருகி இயக்கலாம். அதனோடு வரும் ஈஸ்பீக் என்னும் சிறிய குரல் மென்பொருள் தமிழும் பேசும். இயந்திரத்தனமான குரல்தான், ஆனால் விசையை அழுத்திய கணத்தில் ஒலிப்பதும், வேகத்தைப் பலமடங்கு கூட்டினாலும் தெளிவு குன்றாததும் அதன் சிறப்பு. சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று நடத்திய பல்கலைக் கூட்டாய்வில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இயல்பான குரல்கள் உருவாக்கப்பட்டு, என்.வி.டி.ஏ.வோடும் லினக்ஸ் இயங்குதளத்துக்குரிய திரைவாசிப்பானான ஆர்க்காவோடும் இணைக்கப்பட்டன. விண்டோஸ் 10இல் மைக்ரோசாஃப்ட் சேர்த்த தமிழ்க் குரலின் பெயர் வள்ளுவர்.

போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியம் ஏலக்காய் ஏலத்தை 2007இல் மின்னணு முறைக்கு மாற்றியபோது, குரலால் நடந்துவந்த விலை கேட்பு திரைக்குப் போனது. அதே ஆண்டுகளில் பார்வையற்ற மாணவரின் படிப்பு எதிர்த்திசையில் பயணித்தது. திரையில் இருந்தது குரலாக மாறிக்கொண்டிருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் அந்த மாற்றத்தை அடிவாரத்துக் கிராமங்கள் வரை கொண்டுசென்றது. விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்ற இரு இயங்குதளங்களும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட அந்தக் கணினியில் என்.வி.டி.ஏ.வை நிறுவிவிட்டால், எல்லோருக்குமாக வாங்கப்பட்ட பொருளே பார்வையற்றவரின் வாசிப்புக் கருவியாகிவிடும். தனிச் சலுகையாக வந்திருந்தால் இத்தனை வீடுகளுக்கு அது போயிருக்காது.

கொடுத்ததைப் பெற்றுக்கொள்ளும் காலம் மாறி, கடையில் தேர்ந்தெடுக்கும் காலமும் வந்துவிட்டது. ஆனால் விற்பவர் எடுத்துச் சொல்லும் சிறப்புகளும் பார்வையற்ற மாணவருக்கு வேண்டியவையும் ஒன்றல்ல. முதலில் பார்க்க வேண்டியது விசைப்பலகை. என்.வி.டி.ஏ. இரண்டு வகை விசை ஏற்பாடுகளை வைத்திருக்கிறது. வலப்புறத்து எண்பலகை இருந்தால், எட்டு என்ற விசையை மட்டும் அழுத்தி நடப்பு வரியைக் கேட்கலாம். எண்பலகை இல்லாத கணினியில் அதே வேலைக்கு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். எண்பலகை பெரும்பாலும் 15.6 அங்குலக் கணினிகளில்தான் கிடைக்கிறது. அது நாள்தோறும் பேருந்தில் சுமப்பதற்குக் கனம் கூடியது. எது மேல் என்பது அவரவர் கைப்பழக்கம். எஃப், ஜே விசைகளின் மேட்டுக்கோடு விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்படுகிறதா, மேல்வரிசை விசைகள் வேறொரு விசையின் துணையின்றி நேரடியாக இயங்குகின்றனவா என்பதைக் கடையிலேயே தொட்டுப் பார்த்துவிட வேண்டும். சில புதிய கணினிகளில், வலச்சொடுக்குக்குப் பதிலாகப் பயன்படும் பட்டி விசை இருந்த இடத்தைச் செயற்கை நுண்ணறிவுக்கான விசை பிடித்துக்கொண்டது. சுட்டி பயன்படுத்தாதவருக்கு இது சிறிய இழப்பன்று.

அடுத்தது ஒலி. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒலிச்சில்லு இடையிடையே உறங்கிவிடும் கணினிகளில் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் அசையும் அறுந்துபோகும். புளூடூத் கேட்பொறியில் குரல் சற்றுத் தாமதித்து வருவதால், கம்பி செருகும் துளை இன்றியமையாதது. நினைவகம் போதாவிட்டால், உலாவியில் பல பக்கங்கள் திறந்திருக்கும்போது குரல் திக்கும். ஆகவே வரைகலைக்கும் தொடுதிரைக்கும் கொடுக்கும் பணத்தை நினைவகத்துக்கும் திண்மவட்டுக்கும் கொடுப்பதே அறிவு. திரையின் ஒளியைக் குறைந்த அளவில் வைத்துப் படிக்கலாம் என்பதால் மின்கலமும் கூடுதல் நேரம் நிற்கும்.

நல்ல கணினி கிடைத்த பின்னும் நூல் கிடைக்காத இடர் தொடர்கிறது. பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் நூல்களைப் பதிப்புரிமைத் தடையின்றி மாற்ற வழிசெய்யும் திருத்தம் 2012இல் இந்தியச் சட்டத்தில் வந்தது. அதே நோக்கமுடைய மரக்கேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் உலகிலேயே முதலாவதாக ஒப்புதல் அளித்த நாடு இந்தியா. 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் திறக்கப்பட்டது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், தமிழில் வகுப்புக் குறிப்புகள் இன்றும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டோ, தாளைப் படமெடுத்தோ மாணவர் கைக்கு வருகின்றன. படத்தில் இருப்பதைத் திரைவாசிப்பான் படிக்காது; எழுத்துணரி மென்பொருள் வழியாக எழுத்தாக்கிப் பிழை திருத்தும் வேலை மாணவர் தலையில் விழுகிறது.

தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தது. இத்தகைய கொள்முதலில் விசைப்பலகையையும் ஒலியையும் பார்வையற்ற மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்த பிறகே மாதிரியை முடிவு செய்ய வேண்டும். உத்தமபாளையத்திலும் போடியிலும் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் தம் குறிப்புகளை ஒருங்குறியில் தட்டச்சு செய்து, படமாக மாற்றாமல், எழுத்துக் கோப்பாகவே மாணவரிடம் கொடுக்க வேண்டும்.