ஒரு கிளையண்ட், ஓராயிரம் அழைப்புகள்

வெப் சர்வீஸை அழைக்க ஜாவாவில் வெகுகாலம் 'ஹெச்டிடிபி யூஆர்எல் கனெக்‌ஷன்'தான் கதி. ஒவ்வொரு அழைப்புக்கும் புது ஆப்ஜெக்ட். டைம்அவுட்டைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11 இந்த வேலையைப் பிரித்தது. எல்லா அழைப்புக்கும் பொதுவானவை 'ஹெச்டிடிபி கிளையண்ட்' வசம். அந்தந்த அழைப்புக்கு உரியவை ரிக்வெஸ்ட் வசம்.

கிளையண்ட் பிறப்பது பில்டரில். இணைப்புக்காக எத்தனை விநாடி காத்திருப்பது, எந்த ப்ராக்ஸி வழியாகப் போவது, எந்தச் சான்றிதழை நம்புவது என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். பிறகு எதையும் மாற்ற முடியாது. மாறாது என்பதால்தான் பல த்ரெட்கள் ஒரே கிளையண்டைப் பயமில்லாமல் பகிர்ந்துகொள்கின்றன.

முதல் அழைப்புதான் சிரமமானது. சர்வருக்குப் போய்வர 200 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்வோம். டிசிபி இணைப்புக்கு ஒரு நடை, டிஎல்எஸ் 1.3 கைகுலுக்கலுக்கு இன்னொரு நடை. கேள்வி கிளம்பும் முன்பே 400 போய்விட்டது. பதில் வரும்போது 600. அதே கிளையண்டில் உடனே அடுத்த அழைப்பு போனால், திறந்திருக்கும் இணைப்பிலேயே 200-இல் வேலை முடிகிறது.

லூப்புக்குள் ஒவ்வொரு முறையும் புது கிளையண்ட் உருவாக்கும் நிரலை இன்றும் பார்க்கலாம். ஆயிரம் அழைப்பென்றால் ஆயிரம் கைகுலுக்கல். போதாததற்கு ஒவ்வொரு கிளையண்டும் தனக்கென ஒரு 'செலக்டர் மேனேஜர்' த்ரெட்டைக் கிளப்பும். த்ரெட் டம்ப் எடுத்தால் அந்தப் பெயர் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

பகிரக் கூடாததும் உண்டு: பயனரின் டோக்கன். அதன் இடம் ரிக்வெஸ்ட்டின் ஹெடர். கிளையண்டில் ஹெடர் வைக்கவே வழியில்லாமல் செய்தது நல்ல முடிவு. ஒருவருடைய டோக்கன் இன்னொருவர் அழைப்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து அதனால் குறைகிறது.

சும்மா கிடக்கும் ஹெச்டிடிபி 1.1 இணைப்பை முன்பு 1200 விநாடி வைத்திருந்தார்கள். ஜாவா 20-இல் அது 30 ஆனது. நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலைக்கு ஒவ்வொரு முறையும் புது இணைப்புதான். ஆனால் அமைப்புகளும் த்ரெட்டும் அப்படியே கைகொடுக்கும்.

கிளையண்டை முறையாக மூடும் வழி 2023-இல், ஜாவா 21-இல்தான் வந்தது. ஆகவே நிரல் தொடங்கும்போது ஒன்றை உருவாக்குங்கள், தேவைப்படும் வகுப்புகளுக்கெல்லாம் அதையே கொடுங்கள், நிரல் முடியும்போது மூடுங்கள்.