இலவசப் பாடம் எந்தத் தெரு வரை வந்தது?

தோழர்களே, கையில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால் கணக்கு, அறிவியல், வரலாறு என எந்தப் பாடத்தையும் காசில்லாமல் படிக்கலாம் என்கிறார்கள். அது பொய்யில்லை. 2018இல் வந்த தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. அதை ஸ்கேன் செய்தால் திக்‌ஷா தளத்தில் பாடக் காணொலி திறக்கும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பாடநூல்களை பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பழைய நூல்களுக்கு மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் இருக்கின்றன.

ஆனால் ‘இலவசக் கல்வி’ என்பது நம் மக்களுக்குப் புதிய சொல் அல்ல. ஒவ்வொரு முறை அது வந்தபோதும் எந்தத் தெருவில் நின்றது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் அந்த முயற்சிக்குத் துணை நின்றார். அன்று சம்பளம் கட்ட முடியாதது மட்டும் நம் பிள்ளைகளுக்குத் தடையாக இல்லை. மற்றவர்களின் பள்ளியில் உட்கார இடமே கிடையாது. அதனால்தான் தனிப் பள்ளி தேவைப்பட்டது. 1907இல் பண்டிதர் தொடங்கிய வார இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. கூலிக்காரர் கைக்கும் எட்டும் விலையை அவர் பெயரிலேயே வைத்தார்.

புதுக்கோட்டை அப்போது தொண்டைமான்களின் சமஸ்தானம். அங்கே மன்னர் கல்லூரியில் ஒரு பெண் சேர்வதற்கே எதிர்ப்பு எழுந்தது. தேவதாசி மரபில் வந்த தாயின் மகளான முத்துலட்சுமி, மன்னரின் அனுமதியோடுதான் உள்ளே போக முடிந்தது. அவர்தான் பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

இதே மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். மாவட்ட நிர்வாகத்தோடு தமிழ்நாடு அறிவியல் இயக்கத் தோழர்களும் இறங்கினார்கள். சம்பளம் வாங்காத தொண்டர்கள் மாலையில் விளக்கு வைத்துப் பாடம் நடத்தினார்கள். கற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வயல் வேலையும் கல்குவாரி வேலையும் முடித்து வந்தவர்கள். பாட்டும் வீதி நாடகமும் அவர்களை மையத்துக்கு அழைத்து வந்தன.

அவர்கள் கையில் கொடுத்த புத்தகம் ‘அம்மா, ஆடு’ என்று தொடங்கவில்லை. ‘பட்டா’ என்ற சொல்லில் தொடங்கியது. நிலம் இல்லாதவர் முதலில் எழுதிப் பழகியது நிலத்துக்கான காகிதத்தின் பெயரை! கையெழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். 1992இல் நடந்த சைக்கிள் நிகழ்ச்சிகளில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டிக் காட்டியதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதினார். பெண்கள் குழுக்களுக்குக் கல்குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டு ஆட்சியரிடம் மனுக் கொடுத்தார்கள். எழுத்து, வண்டி, வேலை, மனு எல்லாம் சேர்ந்து வந்ததால்தான் அந்த இலவசக் கல்வி உயிரோடு இருந்தது.

இப்போது 2020க்கு வருவோம். மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை 2021 நவம்பரில்தான் மீண்டும் திறந்தன. நடுவில் பள்ளி என்பது செல்போனாகவும் டிவியாகவும் ஆனது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் இணைய வசதி இருந்த வீடுகள் 15 விழுக்காடுதான். கணினி இருந்தவை 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும், வசதி குறைந்த குடும்பங்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. அதில் கிராமத்துத் தலித், பழங்குடிக் குழந்தைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 4 விழுக்காடு மட்டுமே. மற்ற கிராமக் குழந்தைகளில் அது 15 விழுக்காடு.

பாடம் எல்லோருக்கும் இலவசம். ஆனால் போன் இலவசம் இல்லை, டேட்டா இலவசம் இல்லை. வீட்டில் ஒரே போன், அதுவும் கூலி வேலைக்குப் போகும் அப்பாவின் சட்டைப் பையில் என்றால் பிள்ளை எப்போது படிக்கும்? 1894இல் உட்கார இடம் இல்லை. 2020இல் இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அங்கே போகும் வழியை விலைக்கு வைத்தார்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தப் பாடங்களில் நாம் இருக்கிறோமா? குடிநீரைச் சுத்தம் செய்வது எப்படி என்று எத்தனையோ காணொலிகள் உண்டு. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தின் வேங்கைவயலில் பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள். தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே மக்களில் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அம்மக்களும் தலித் அமைப்புகளும் அதை ஏற்கவில்லை. குளோரின் எவ்வளவு கலக்க வேண்டும் என்று கற்பிக்கும் அறிவியல் பாடத்தில், தண்ணீருக்குள் சாதி எப்படி வருகிறது என்பதற்கு இடமில்லை. அதை யார் எழுதுவது? நாம்தான் எழுத வேண்டும்.

எனவே இளம் தோழர்களே, இலவச இணையப் பாடங்களை ஒதுக்கிவிட வேண்டாம். அவற்றை நம் தெருவுக்குக் கொண்டு வருவோம். கல்லூரிக்குப் போகிற ஒருவர், பத்தாம் வகுப்புப் பாடங்களையும் காணொலிகளையும் இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்தால் போதும். அம்பேத்கர் மன்றத்திலோ சமுதாயக் கூடத்திலோ ஒரு பழைய கணினியில் மாலை வகுப்பு நடத்தலாம். ஒவ்வொரு பாடத்தோடும் நம் ஊர் வரலாற்றில் ஒரு பக்கம் சேர்க்கலாம். ஊராட்சி நூலகத்துக்கு இணைய வசதி கேட்டு கிராம சபையில் தீர்மானம் கொண்டு வரலாம்.

‘கற்பி, ஒன்றுசேர், போராடு’ என்று சுவரில் எழுதுகிறோம். முதல் சொல் ‘படி’ அல்ல, ‘கற்பி’. அறிவொளித் தொண்டர்கள் விளக்கோடு போனார்கள். நாம் போனோடு போவோம். இந்த வாரமே ஒரு தெருவில் தொடங்குங்கள்.

ஜெய்பீம்.