தன்னைத் தானே சோதிக்கும் பொறி

பினாங்கின் வரலாற்றை எழுதுவோர் துறைமுகத்தைப் போற்றுவர், தோட்டத்தை நினைவுகூர்வர். சோதனை மேசையைக் குறிப்பிடுவோர் மிகச் சிலரே.

1969-இல் ஜார்ஜ் டவுன் தன் தீர்வையில்லாத் துறைமுக உரிமையை இழந்தது. வேலையின்மை இளைஞரை வாட்டியது. அவ்வாண்டே முதலமைச்சரான லிம் சோங் இயூவின் ஆட்சியில் தொழில் மேம்பாடு முதலிடம் பெற்றது. பாயான் லெப்பாஸிலும் கடலுக்கு இப்பாலுள்ள பிறையிலும் தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. 1972-இல் இன்டெல் நிறுவனம் வந்தது. ஹியூலட் பேக்கர்ட் முதலியனவும் அக்காலத்திலேயே கால்கொண்டன.

மின்னணு ஆலைகளில் இளம்பெண்கள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, மயிரினும் மெல்லிய பொற்கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தனர். பின்னர்ச் சோதனைப் பணியும் இங்கு வளர்ந்தது. சில்லுகளை வெப்பத்தில் இயக்கி, நலிந்தவற்றை முன்கூட்டியே களைவது அப்பணியின் ஒரு கூறாகும்.

ஆயினும், ஆலையில் தேறிய சில்லும் பிற்காலத்தில் பழுதுபடலாம். ஆதலின், சோதனை பொறியினுள்ளும் குடிபுகுந்தது. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறி இன்டெல் 8088 செயலியைக் கொண்டது. மின்சாரம் பாய்ந்தவுடன் அது தன் செயலியையும் நினைவகத்தையும் விசைப்பலகையையும் தானே ஆராயும். நினைவகத்தில் ஒன்றை எழுதி, மீண்டும் படித்து ஒப்பிடும். குறையில்லையெனில் ஒருமுறை 'பீப்' என ஒலிக்கும்.

1984-இல் வந்த அடுத்த வகைப் பொறியில், அமைப்பு விவரங்களை மின்கலத்தின் துணையோடு காக்கும் சிறு நினைவகம் இடம்பெற்றது. காலப்போக்கில், சோதனையை எவ்வாறு நடத்துவது என்பதையே மனிதர் அதில் வகுத்து வைக்கலாயினர்.

இங்கேதான் பொறுப்புப் பிறக்கிறது. பல கணிப்பொறிகளுக்குப் பணிபுரியும் சர்வர், ஆளில்லா அறையில் விசைப்பலகையின்றி இயங்கும். விசைப்பலகை இல்லையென்று அது நின்றுவிட்டால், நள்ளிரவில் மின்தடை நீங்கிய பின்னும் மருத்துவமனைப் பதிவேடு திறவாது. எனவே அக்குறையைப் பொறுத்துச் செல்லுமாறு அமைப்பர். ஆனால் நினைவகப் பழுதையும் அவ்வாறே பொறுத்தால், கணக்குகள் ஓசையின்றிச் சிதையும். விரைவு கருதி முழுச் சோதனையைத் தவிர்ப்போரும் உளர். நினைவகம் பெருகப் பெருக அச்சோதனை பல நிமிடங்களை விழுங்குவதே காரணம்.

1998-இல் இன்டெல், ஹியூலட் பேக்கர்ட் உள்ளிட்ட நான்கு நிறுவனங்கள், சர்வரின் பழுதுகளைத் தொலைவிலிருந்தே அறிய ஒரு பொதுநெறி வகுத்தன. அவற்றுள் இவ்விரண்டும் முன்னரே நம் பினாங்கில் கால்கொண்டவை என்பது எண்ணி மகிழத்தக்கது.

பொறி பழுதைச் சொல்லும். எப்பழுதுக்கு நிற்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மனிதரே. நுண்ணோக்கியின் முன் கண் நோக அமர்ந்த நம் பெண்களின் வரலாற்றோடு சேர்த்தே இவ்வறிவை நம் மாணவர் கற்பாராக.