காவலுக்கு வந்த கண்ணாடி இழை

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது? விமானப் பொறியாளர்களை நெடுநாள் உறுத்திய கேள்வி கிட்டத்தட்ட இதுதான்.

அலுமினியத் தகட்டில் அடிபட்டால் நசுங்கல் தெரியும். கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த கூட்டுப்பொருள் அப்படியல்ல. கைதவறி ஒரு ஸ்பேனர் விழுந்தாலும் போதும். மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். அதனால் உள்ளேயே ஒரு காவலாளியை உட்காரவைக்கும் ஆசை வந்தது.

ஆளும் கிடைத்தது: தொலைபேசிக்காக வளர்ந்த ஒளியிழை. 1980களின் பிற்பகுதியில் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் மெஷர்ஸ் குழு, டாஷ்-8 விமான இறக்கையின் முன்விளிம்பில் ஒளியிழைகளைப் புதைத்துப் பார்த்தது. அடிபட்டால் இழை ஒடியும், ஒளி நிற்கும். முரட்டுக் காவல்தான்.

நுட்பமான காவலுக்கு விதை 1978லேயே விழுந்துவிட்டது. ஒட்டாவாவில் கென் ஹில் குழு, ஒளியைக் கொண்டே இழைக்குள் நிரந்தர வரிகளைப் பதிக்கலாம் என்று கண்டது. 1989இல் அமெரிக்காவில் மெல்ட்ஸ், மோரே, க்ளென் மூவரும் பக்கவாட்டிலிருந்து புறஊதா ஒளி பாய்ச்சி, வேண்டிய இடைவெளியில் வரிகளைப் பதித்தார்கள். இழை இழுபட்டால் வரிகளின் இடைவெளி மாறும். திரும்பிவரும் ஒளியின் அலைநீளமும் மாறும். பொருள் எவ்வளவு இழுபடுகிறது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

சரி, காவலாளி எவ்வளவு பருமன்? அங்கேதான் சிக்கல். கார்பன் இழை 5 முதல் 7 மைக்ரான். ஒளியிழையின் கண்ணாடி மட்டும் 125 மைக்ரான். ஓர் அடுக்கின் தடிமனே ஏறக்குறைய அவ்வளவுதான். வழக்கமான மேலுறையோடு 250. கார்பன் இழைகள் ஓடும் திசையிலேயே வைத்தால் அவை ஒதுங்கி இடம் கொடுக்கும். வலிமை பெரிதாகக் குறையாது. குறுக்கே வைத்தால் அடுக்குகள் அதன்மேல் மேடேறி வளையும். இருபக்கமும் வெறும் பிசின் தேங்கி, வெட்டிப் பார்த்தால் கண்போலத் தெரியும். விரிசல் அங்கே தொடங்கலாம். வளைந்த இழைகள் அமுக்கும்போது சீக்கிரம் மடங்கும். ஆக இழுவலிமையைவிட அமுக்குவலிமைக்குத்தான் அடி அதிகம்.

ஆகவே காவலாளி இளைக்கவேண்டியதாயிற்று. 2000ஐ ஒட்டி, ஜப்பானில் நொபுவோ டகெடா குழு 40 மைக்ரான் கண்ணாடியில், பாலிஇமைடு உறையோடு சேர்த்தே 52 மைக்ரான்தான் வரும் இழையைப் புதைத்தது. ஓர் அடுக்குக்குள்ளேயே அது அடங்கிவிடும்.

அப்புறமும் ஒரு தொல்லை மிச்சம். உள்ளே இருப்பவன் சேதி சொல்ல வாசல் வேண்டுமே! இழை வெளியே வரும் ஓரத்தில்தான் அது எளிதில் ஒடியும். பாகத்தின் விளிம்பை வெட்டிச் சீர்செய்வதும் அங்கேதான். ஒடிந்தால் உள்ளே இருப்பதை மாற்றவும் வழியில்லை. அதனால்தான் இன்றும் பல இடங்களில் இழையைப் புதைக்காமல் மேலே ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காவலாளி திண்ணையிலேயே படுத்துக்கொள்கிறான்.