தொழிலக மருத்துவர்
தொழிற்சாலைப் பணியாளரின் உடல்நலத்தைக் காக்கும் மருத்துவர். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் ஏ.எஃப்.ஐ.எச். என்னும் மூன்று மாதச் சான்றிதழ்ப் படிப்பின் வழியே இத்துறைக்கு வருகின்றனர். சென்னை தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இதை நடத்தும் இடங்களுள் ஒன்று. 1984 போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான வேலைகளில் சேருமுன்னும் அதன்பின் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை கட்டாயமாயிற்று.

செவித்திறன், நுரையீரல், இரத்தத்தில் ஈய அளவு ஆகியவற்றைச் சோதிப்பது அன்றாடப் பணி. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை முதலில் 4000 ஹெர்ட்சை ஒட்டிய உயர் ஒலிகளையே தாக்குகிறது; பேச்சு தெளிவாகக் கேட்பதால் தொழிலாளி அதை உணர்வதில்லை. இழந்த செவித்திறன் மீளாது. ஆகவே நோயாளி வரட்டும் எனக் காத்திராமல், இயந்திரக் கூடத்துக்கே சென்று இரைச்சலையும் தூசியையும் குறைக்க நிர்வாகத்தை வற்புறுத்துபவரே இப்பணிக்கு உரியவர்.