இல்லாத நினைவகத்தை வாக்களித்த கதை

கணினியின் நினைவகம் முற்றிலும் தீர்ந்துபோனால், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுள் ஒன்றைத் தேர்ந்து கொன்றுவிடுகிறது. இப்பணியைச் செய்யும் பகுதிக்கு ‘ஓஓஎம் கில்லர்’ என்று பெயர். நினைவகம் கேட்ட நிரலிடம் ‘இல்லை’ என்று சொன்னால் போதாதா? கொலை எதற்கு? இக்கேள்விக்கான விடை அறுபது ஆண்டு வரலாற்றில் பொதிந்துள்ளது.

1962இல் மான்செஸ்டரில் செயற்பாட்டுக்கு வந்த அட்லஸ் கணினி, சிறிய முதன்மை நினைவகத்தையும் அதைப்போல் ஆறு மடங்கு கொள்ளும் காந்த உருளையையும் இணைத்து, இரண்டையும் ஒரே நினைவகமாக நிரலருக்குக் காட்டியது. மெய்நிகர் நினைவகம் இவ்வாறு பிறந்தது. அதனோடு ஒரு நோயும் வந்தது. நிரல்கள் மிகுந்தால், பக்கங்களை உள்ளே கொணர்வதிலும் வெளியே தள்ளுவதிலுமே காலம் கழிந்து, உண்மையான வேலை நின்றுவிடும். 1968இல் பீட்டர் டென்னிங் இதன் காரணத்தை விளக்கினார். ஒரு நிரல் அண்மைக்காலத்தில் தொட்ட பக்கங்கள் அனைத்துக்கும் இடமிருந்தால் மட்டுமே அதனை ஓடவிட வேண்டும். ஏனையவை காத்திருக்கட்டும் என்பது அவர் கண்ட தீர்வு.

சிக்கலை வேறு திசைக்குத் திருப்பியது யூனிக்ஸின் ‘ஃபோர்க்’ அழைப்பு. அது ஓடும் நிரலை அப்படியே இரட்டிப்பாக்கும். பெரும்பாலும் அந்த நகல் உடனே வேறொரு நிரலாக மாறிவிடுவதால், முழுவதையும் நகலெடுப்பது வீண். எனவே, எழுத முற்படும் பக்கத்தை மட்டும் அப்போது நகலெடுக்கும் முறை பரவியது. ஆயினும் கணக்கு இடித்தது. 1 ஜிகாபைட் கொண்ட நிரல் இரண்டாகும்போது, இன்னொரு ஜிகாபைட்டுக்கு உத்தரவாதம் வேண்டுமா? வேண்டும் என்றால், பயன்படாத நினைவகம் இருந்தும் அனுமதி மறுக்கப்படும். வேண்டாம் என்றால், கையிருப்புக்கு மிஞ்சி வாக்களித்ததாகும்.

சோலாரிசும் விண்டோஸும் கணக்குக்கு உட்பட்டே வாக்களித்தன. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் மிஞ்சி வாக்களித்தாலும், நெருக்கடி நெருங்குகையில் நிரல்களுக்கு முன்னெச்சரிக்கை அனுப்பியது. லினக்ஸும் இயல்பாக மிஞ்சியே வாக்களிக்கிறது. கண்டிப்பான கணக்கை விரும்புவோர் அதனைத் தேர்ந்துகொள்ளலாம். கேட்டவுடன் ‘தந்தேன்’ என்று சொல்லிவிட்டு, நிரல் அப்பக்கத்தை முதன்முதலாகத் தொடும்போதே உண்மையான இடத்தை ஒதுக்குகிறது. அத்தருணத்தில் நிரல் எதையும் கேட்பதில்லை. ஒரு மதிப்பை எழுதுகிறது, அவ்வளவே. ‘இல்லை’ என்று பதில் சொல்ல அங்கே வழியே இல்லை. கொலை நுழைந்தது இந்த இடைவெளியில்தான்.

ரிக் வான் ரீல் 1998இலும் 2000த்திலுமாக உருவாக்கிய நிரற்பகுதி, ஒவ்வொரு நிரலுக்கும் மதிப்பெண் இட்டது. மிகுந்த நினைவகம் குற்றத்தைக் கூட்டியது. நெடுநேரம் ஓடியிருந்தால் தண்டனை குறைந்தது. 2010இல் அது திருத்தி எழுதப்பட்டு, நினைவகப் பங்கே முதன்மை அளவுகோலானது. விளைவாக, சேவையகம் எதற்காக நிறுவப்பட்டதோ அந்தத் தரவுத்தளமே மிகப் பெரிய நிரல் என்பதால் முதல் பலியாகக்கூடும். எனவே −1000 முதல் 1000 வரை சலுகையோ சுமையோ இடும் உரிமை நிர்வாகிகளுக்குத் தரப்பட்டது; −1000 என்றால் முழு விலக்கு.

கொல்வதும் எளிதாக இல்லை. சாகவேண்டிய நிரல் ஒரு பூட்டுக்காகவும், அப்பூட்டை வைத்திருக்கும் நிரல் நினைவகத்துக்காகவும் காத்திருந்தால் இரண்டும் உறைந்துவிடும். சாகும் நிரலின் நினைவகத்தை முன்கூட்டியே பறிக்கும் ஏற்பாடு 2016இல் சேர்ந்தது.

2018இல் வந்த மாற்றம் ஆழமானது. நினைவகம் கிடைக்காமல் நிரல்கள் எவ்வளவு நேரம் தேங்கி நிற்கின்றன என்பதைக் கெர்னல் அளக்கத் தொடங்கியது. அவ்வளவைக் கண்காணித்து, கணினி உறையுமுன் எதனை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் நிரல்கள் கெர்னலுக்கு வெளியே தோன்றின. எத்தனை பைட்டுகள் எஞ்சியுள்ளன என்று எண்ணுவதைவிட, வேலை நடக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம் என்னும் இப்பார்வை, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் டென்னிங் தொடங்கிய இடத்துக்கே மீள்கிறது. மிஞ்சிக் கொடுத்த வாக்கு மட்டும் இன்னும் திரும்பப் பெறப்படவில்லை. அதற்கான விலையை எந்த நிரல் செலுத்துவது என்பதே இன்றுவரை தொடரும் விவாதம்.