கணினிக்குள் பிறந்த விமானமும் புனேயும்

புனேயின் மேற்கு விளிம்பிலுள்ள ஹிஞ்சவடியில் விமானத் தொழிற்சாலை ஏதுமில்லை. ஆயினும் நெடுந்தூர வணிக ஜெட் விமானங்களின் வடிவமைப்பு வரலாற்றில் அவ்வூருக்கும் ஓர் இடம் உண்டு.

பிரான்சின் டசால்ட் நிறுவனம், விமானங்களின் வளைபரப்புகளை வரைவதற்காக 1977-இல் தன் சொந்தப் பயன்பாட்டுக்கென ஒரு முப்பரிமாண மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது. பின்னாளில் கட்டியா என்று பெயர்பெற்றது அதுவே. அதனை விற்பதற்கென 1981-இல் டசால்ட் சிஸ்டம்ஸ் தோன்றியது. 2002-இல் அந்நிறுவனம் ஜியோமெட்ரிக் என்னும் இந்திய நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்தது. கட்டியாவின் மேம்பாட்டுப் பணியில் புனேயின் பொறியாளர்களும் பங்கேற்றனர். 1854 முதல் பொறியியல் கற்பிக்கும் நகரம், வாகனத் தொழிலின் நகரம். அத்தகைய ஆட்களுக்கு அங்கே பஞ்சமில்லை.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பால்கன் 7எக்ஸ் உருப்பெற்றது. இடைநில்லாமல் 5,950 கடல் மைல், அதாவது சுமார் 11,000 கிலோமீட்டர் பறப்பது அதன் திறன். நெடுந்தூரம் பறக்க எரிபொருள் மிகுதியாக வேண்டும். அந்த எரிபொருளின் எடையைச் சுமக்கவே மேலும் எரிபொருள் செலவாகும். 31.7 டன் உச்சப் புறப்பாட்டு எடையில் 14.5 டன் எரிபொருளே. எனவே இறக்கையின் இழுவையில் குறைக்கும் ஒவ்வொரு சிறு பங்கும் தூரமாக மாறும். புதிய இறக்கை, மூன்று எஞ்சின்கள், வணிக ஜெட்டுகளில் முதன்முறையாக முழு மின்னணுக் கட்டுப்பாடு ஆகியவை அதில் இடம்பெற்றன. முழு அளவு மாதிரி எதுவும் செய்யப்படவில்லை. பல நாட்டுக் கூட்டாளி நிறுவனங்கள் ஒரே கணினி மாதிரியில் பணியாற்றின. பொருத்தும் காலம் பதினாறு மாதத்திலிருந்து ஏழாகக் குறைந்தது என்பது டசால்ட்டின் கூற்று. விற்பனையாளர் கூற்றுதான், எனினும் 2005 மே 5 அன்று விமானம் பறந்தது, 2007-இல் சான்றிதழும் பெற்றது.

கணினி மாதிரியின் எல்லை 2011 மே மாதத்தில் வெளிப்பட்டது. கோலாலம்பூரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஒரு 7எக்ஸின் மூக்கு, கட்டளையின்றியே மேலெழுந்தது. விமானி விமானத்தைப் பக்கவாட்டில் செங்குத்தாகச் சாய்த்து அந்த எழுச்சியை அடக்கினார். ஏறத்தாழ இரண்டரை நிமிடங்களில் கட்டுப்பாடு மீண்டது. உலகெங்கும் 7எக்ஸ் விமானங்கள் தரையிறக்கி நிறுத்தப்பட்டன. வால்தளத்தை இயக்கும் மின்னணுப் பெட்டியில், ஓர் இணைப்பு முனையின் பற்றவைப்பிலிருந்த குறையே காரணம் என விசாரணை கண்டறிந்தது. வளைபரப்பைத் துல்லியமாக வரையும் மென்பொருள், ஒரு துளி ஈயப்பற்றின் தரத்தைக் காட்டுவதில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2025 ஜூன் மாத அறிவிப்பைப் படிக்க வேண்டும். 7எக்ஸின் நீட்சியான 8எக்ஸின் முன்பகுதியைப் பொருத்தும் பணி நாக்பூருக்கு மாற்றப்படுகிறது. பால்கன் 2000 அங்கேயே முழுமையாகப் பொருத்தப்பட்டு 2028-இல் பறக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் ஒரு நகரம் வரையும் கருவியை ஆக்குகிறது, மற்றொன்று உலோகத்தைப் பொருத்தப்போகிறது. இறக்கையின் வடிவத்தைத் தீர்மானிக்கும் மேசை இன்னும் பிரான்சிலேயே உள்ளது.